கழிசலில் விளக்குமீன்

காசிமேட்டில் மணி மூன்றரை.
ஆழ்கடல் இறாலுக்குப் போய்
ஒன்பதாம் நாள் திரும்பிய படகு
முதலில் இறாலை இறக்குகிறது, எண்ணி.
அப்புறம் கணவாய்.
கடைசியில், எண்ணாமல், மண்வெட்டியால்
கழிசல்.

கழிசலைப் பொறுக்க வந்தவள் நான் ஒருத்திதான்.
மிச்சமெல்லாம் லாரிக்கு,
லாரி தீவன ஆலைக்கு,
தீவனம் நாமக்கல் கோழிக்கு.
நேற்று நான் தின்ற ஆம்லெட்டில்
எத்தனை விளக்கு அணைந்ததோ.

"இன்னாமே, இந்தக் கருமத்தையா பொறுக்குறே?
பூனகூட மோந்து பாத்துட்டுப் பூடுது."
கவிழ்த்த கூடைமேல் காணிக்கைமேரி.
ஆய்வுக்காக எடுத்துக்கொள்கிறேன் என்கிறேன்
அடையாற்றுத் தமிழில்.
கழுத்தில் ஆய்வகத்து அட்டை தொங்குகிறது.
என் வீடு இங்கிருந்து நாலு தெரு.
அதைச் சொல்லவில்லை.

சுண்டுவிரல் நீளம்.
வலையில் உரசிச் செதிலெல்லாம் உதிர்ந்து
பாதி உரித்த பூண்டுப் பல்லாகக் கிடக்கிறது.
முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்.
அடிவயிற்றில் வரிசையாகப் புள்ளிகள்,
ரவிக்கைக் கொக்கி மாதிரி.
ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம்.
பின்சுவரில் கண்ணாடி,
வாயில் செதிலே வில்லை.
எண்ணெய் இல்லை, திரி இல்லை,
சூடில்லாத நீலம்.
வாலில் ஒரு பட்டை ஒளி,
இந்த வகையில் ஆணுக்கு மேலே, பெண்ணுக்குக் கீழே.
விலாவிலும் சிதறலாகச் சில புள்ளிகள்.
அவை எதற்கென்று முடிவாகவில்லை,
பக்கத்தில் நீந்தும் தன் இனம்
தன்னைக் கண்டுகொள்ள என்று ஒரு கட்சி.

பகலெல்லாம் அரை கிலோமீட்டர் ஆழத்தில்,
பிராணவாயு மெலிந்த நீரில்.
பொழுது சாய்ந்ததும் கூட்டமாக மேலேறி
மேய்ந்துவிட்டு
விடியுமுன் இறங்கிவிடும்.
தினமும் நைட் ஷிப்ட்.

வழி பார்க்கத்தான் விளக்கு என்று
நானும் நினைத்திருந்தேன்.
மேலிருந்து துளி வெளிச்சம் கசிகிறது.
கீழே வாய்பிளந்து அண்ணாந்திருப்பவனுக்கு
இதன் உடம்பு ஒரு நிழல்.
அந்த நிழலை அழிக்கத்தான்
வயிற்றை ஏற்றி வைக்கிறது.
மேலே எவ்வளவோ அவ்வளவே,
கூடினாலும் சாவு, குறைந்தாலும் சாவு.
கண்ணோரம் ஒரு பொட்டு விளக்கு
தன் கண்ணுக்குள்ளேயே அடிக்கிறதாம்,
ரெண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

'இன்னா' 'என்ன' ஆகிற இடம்
பாரிமுனை நிறுத்தம்.
திரும்பி வரும்போதும் அங்கேதான் கழற்றுவேன்.
ஆய்வகத்தில் மற்றவர்கள் சிரிக்கும் அளவுக்குச் சிரிப்பேன்.
என் டிபன் பாக்ஸில் கருவாடு வந்ததே இல்லை.
மூன்று வருஷமாக
என் நிழல் யார் மேலும் விழவில்லை.

மீனின் காதுக்குள் ஒரு கல் உண்டு, எள்ளில் பாதி.
தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால்
நாளுக்கு ஒரு வளையம்.
போன மாதம் ஒன்றை எண்ணினேன்:
இருநூற்றுப் பதினாறு.
அத்தனை தரம் ஏறி இறங்கியிருக்கிறது,
கடைசியாகப் படகில் ஏறுவதற்கு முன்.

மணலிப் பக்கம் ஆலைச் சுடர்
வானத்தை ஆரஞ்சாக்கி எரிகிறது,
யாருக்கும் ஒளிய வேண்டாத வெளிச்சம்.

ஐஸ் டப்பாவை மூடி
எவ்வளவு என்கிறேன்.
மேரி காசைத் தொடவில்லை.
"நீ டெய்லர் சுகுணா பொண்ணுதானே?"

கை அப்படியே நிற்கிறது.
எப்போதிருந்து தெரியும்?

"மொத நாளே. குந்துன தினுசுலயே."

இன்னொரு கை அள்ளி டப்பாவில் கொட்டுகிறாள்.
பத்துப் பன்னிரண்டு இருக்கும்,
ஒன்றிரண்டில் செதில்கூட ஒட்டியிருக்கிறது.

"இன்னாக்கா, அவ்ளோதானா?
இன்னும் போடு."